ஒன்பதாம் மாடி விருந்து

ஊரிலுள்ள அரங்க மேலாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘வேண்டாம் மேடம்’. நிறுவனங்களின் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் இடம் பார்த்து ஏற்பாடு செய்து கொடுப்பது அவள் தொழில். பத்து இடம் காட்டினால் ஒன்பதை வேண்டாம் என்பாள். எந்த அரங்கில் நுழைந்தாலும் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, சத்தம் சுவருக்குச் சுவர் எவ்வளவு நேரம் அலைகிறது என்று கேட்பாள். பிறகு இருப்பதிலேயே மோசமான நாற்காலியில், தூணுக்குப் பின்னால், அரைமணி நேரம் உட்காருவாள். மேலாளர் நீட்டும் காபியைத் தொடமாட்டாள். குடித்துவிட்டால் குறை சொல்ல வாய் வராதாம்.

அவளுக்கு யாரையுமே பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். அடியோடு பிடிக்காதவர் ஒரே ஒருவர்தான்: தங்கையின் கணவர். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், “நாற்காலி போடறதெல்லாம் ஒரு வேலையா அண்ணி?” என்று கேட்டுச் சிரித்தவர். அன்று சிரித்த பதினோரு பேரின் முகமும் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் நிர்வாக மேலாளர். அந்தத் தொழிற்சாலையின் முதலாளி வேறெங்கோ அவள் செய்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, நேரடியாக அவளையே அழைத்தார். இரும்பை அடித்து வளைக்கும் பட்டறையிலிருந்து நாற்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்குக் குடும்பத்தோடு ஒரு மதிய விருந்து. வேலை அவளுக்கு மேலிருந்து வந்தது. ஆனால் தினமும் முகம் கொடுத்துப் பேச வேண்டியது தங்கை கணவரிடம்.

இரண்டு நாள் பட்டறையின் ஓரத்தில் நின்று பார்த்தாள். சம்மட்டி இயந்திரம் விழும்போதெல்லாம் காலடியில் தரை குதித்தது. அங்கே பாதிப் பேருக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிக்கொண்டார்கள். குனிந்து நிமிர்ந்தே தேய்ந்த முழங்கால்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒரு நீச்சல் கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். தரைத்தளம், தாழ்ந்த கூரை, கனத்த திரைகள். கைதட்டினால் சத்தம் அங்கேயே அடங்கியது.

தங்கை கணவர் ஏற்கெனவே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். ஒன்பதாம் மாடி, மூன்று பக்கம் கண்ணாடி, பளிங்குத் தரை.

“நீச்சல் கிளப்பா? பாசி நாத்தம் அடிக்குமே. முதலாளி வர்ற இடமா அது?”

“விருந்து முதலாளிக்கா, பட்டறை ஆளுங்களுக்கா?”

“ஒன்பதாவது மாடில போட்டோ எப்படி விழும் தெரியுமா அண்ணி?”

“போட்டோ விழும். ஒரு ஸ்பூன் விழுந்தா இடி விழுந்த மாதிரி கேக்கும், அதையும் சொல்லுங்க.”

“அவங்களுக்குத்தான் காதே கேக்காதே. எதிரொலிச்சா என்ன, எதிரொலிக்காட்டி என்ன?”

அவள் எழுந்துவிட்டாள். “உங்களுக்குக்கூடத்தான் வாய் இருக்கு. அதுலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கா?”

மாலையில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போயேன்க்கா. வீட்ல இடி வாங்கறது நான்தானே?”

“நீ இடி வாங்கறேன்னு நான் ஹாலை மாத்தணுமா?”

தங்கை தொலைபேசியை வைத்துவிட்டாள்.

விருந்தினர்களையே தன் பக்கம் இழுத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு இடங்களின் படங்களோடும் பட்டறைக்குப் போனாள். மேஸ்திரி கிளப்பின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வேணாம்மா,” என்றார் உரக்க.

“இங்கதான் மேடைல பேசறது உங்களுக்குத் தெளிவா கேக்கும்,” என்று உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்.

மேஸ்திரி சிரித்தார். “முப்பது வருஷமா அவங்க பேச்சு காதுல விழாமத்தான் நிம்மதியா இருந்தோம். கடைசி நாள்ல போயா கேக்கணும்?”

கிரேன் ஓட்டும் பெண் இன்னொரு படத்தை எடுத்தாள். “இங்கேர்ந்து பார்த்தா நம்ம ஆலை தெரியுமா?”

அவளுக்குத் தெரியவில்லை. முன்பு போய்ப் பார்த்தபோது அந்த அரங்கில் அரைமணி நேரம் மேடையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட வெளியே பார்க்கவில்லை.

“தெரியும்னா அங்கயே வைங்க,” என்றாள் கிரேன்காரி. “உள்ளயே கிடந்துட்டோம். வெளியேர்ந்து முழுசா அது எப்படி இருக்கும்னு நாங்க பார்த்ததே இல்ல. வீட்டு ஆளுங்களுக்கும் காட்டணும்.”

அன்றே ஒன்பதாம் மாடிக்கு ஏறிப் பார்த்தாள். ஆலை முழுதாகத் தெரிந்தது. அவளுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. அவர்கள் காதைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அதைவிட எரிச்சல், அந்த மனிதர் தேர்ந்த இடமே சரியாகப் போனது.

“ஒன்பதாவது மாடியே இருக்கட்டும்,” என்றாள் மறுநாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா! வழிக்கு வந்தீங்களா?”

“அவங்க கேட்டாங்க. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல மாப்பிள்ளை.”

அவர் இதைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லி மகிழ்ந்தார். அவள் கோபத்தையெல்லாம் வேலையில் காட்டினாள். பளிங்கின் மேல் தடித்த விரிப்பு போட்டாள். கூரையிலிருந்து துணிகளைத் தொங்கவிட்டாள். அவர் ஏற்பாடு செய்திருந்த பாட்டுக் கச்சேரியை ரத்து செய்தாள். எழுந்திருக்க வசதியாகக் கைப்பிடி வைத்த நாற்காலிகளைத் தேடிப் பிடித்தாள். பேச்சுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மேசைக்கு மேசை வைத்தாள். “பளிங்கு தெரிய வேணாமா?” என்று அவர் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை.

விருந்தன்று வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. முதலாளி சுருக்கமாகப் பேசி அமர்ந்தார். தங்கை கணவர் எட்டுப் பக்கப் பேச்சோடு ஒலிபெருக்கியைப் பிடித்தார். இரண்டாம் பக்கத்தில் கிரேன்காரி எழுந்து, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து மேஸ்திரி. பிறகு ஒவ்வொருவராக மொத்தக் கூட்டமும் மேடைக்கு முதுகைக் காட்டியது. “அதோ அந்த மூணாவது கூரைதான் என் இடம்,” என்று யாரோ மகளிடம் உரக்கச் சொன்னார். கைகள் காற்றில் பேசின. முதலாளியும் தட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடியோரம் போய்விட்டார். தங்கை கணவர் மட்டும் எட்டாம் பக்கம் வரை வாசித்து முடித்தார்.

லிஃப்ட் அருகில் அவளை மறித்தார். முகம் சிவந்திருந்தது. “வேணும்னேதானே பண்ணீங்க? நாற்காலி எல்லாம் உங்க ஏற்பாடுதானே?”

“வச்சது நான். திருப்பினது உங்க பேச்சு.”

அந்தத் தொழிற்சாலை அவளை மறுபடி அழைக்கவில்லை. அழைக்காதபடி அவர் பார்த்துக்கொண்டார். தங்கை ஏழு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், இன்றைக்கும் இருவரும் அவரைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள். குடும்ப விசேஷங்களில் அவர் ஒரு கோடி, அவள் ஒரு கோடி. அன்று அவள் தன்னை அவமானப்படுத்தினாள் என்கிறார் அவர். இவள் மறுப்பதில்லை.

அதற்கடுத்து ஒரு மருத்துவமனையின் செவிலியர்களுக்கு விருந்து. இடம் பார்க்கக் கிளம்பும் முன்பே போய், “உங்களுக்கு எங்க வேணும்?” என்று கேட்டாள். அவர்கள் சொன்ன இடம் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அன்று மாலையே முன்பதிவு செய்தாள்.