அந்த மனிதரின் சமையல் மேடை

இந்த வீட்டை வாங்கியவன் நான். பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. கூரை மாற்றியது நான், கிணற்று மோட்டார் மாற்றியது நான், சுவருக்குள் குடியிருந்த அணில் குடும்பத்தை வெளியேற்றியதும் நான்தான். ஆனால் ஊருக்குள் இருக்கும் ஆணி, பெயிண்ட் விற்கிற கடையில் என் விலாசத்தைச் சொன்னால், கல்லாவில் இருக்கும் பெண் உடனே, ஓ, அவர் வீடா என்கிறாள். தபால் கொண்டுவருகிறவர் அப்படித்தான் சொல்கிறார். குப்பை வண்டி ஓட்டுகிறவரும் அப்படியே. எனக்கு முன்னால் இங்கே குடியிருந்த அந்த 'அவர்' செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்தவர் மேல் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்காதீர்கள். நான் பட்டேன். இன்னும் முழுசாகத் தீரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. பரமக்குடியில் ஒரு கடையில் மேசை துடைக்கப் போய், மாவு பிசைந்து, பரோட்டா மாஸ்டராகி, துபாய்க்குப் போனேன். அங்கே என் பரோட்டாவைச் சாப்பிட்ட ஒரு ஹோட்டல்காரர் என்னை நியூ ஜெர்சிக்கு அழைத்துவந்தார். யாருடைய ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் நின்றேனோ, அந்த ஹோட்டலையே பிறகு விலைக்கு வாங்கினேன். அப்புறம் இன்னும் இரண்டு. பெரிய படிப்புப் படித்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எப்படி பாய் இதையெல்லாம் நடத்துறீங்க என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

முழங்கால் தேய்ந்ததும் ஹோட்டல்களையும் எடிசனில் இருந்த வீட்டையும் கைமாற்றிவிட்டு, பிரிட்ஜ்வாட்டரில் மகன் வீட்டில் போய் உட்கார்ந்தேன். நல்ல வீடு. ஆனால் அது மகன் வீடு. அழைப்பு மணி அடித்தால் அவனைத்தான் கேட்பார்கள். எனக்கென்று ஒரு வீடு, என் கை பட்டு நிற்கிற வீடு வேண்டும் என்று ஆசை வந்தது. மேற்கே, பென்சில்வேனியா எல்லைப் பக்கம், சோளக்காட்டுக்கு நடுவில் இந்தப் பழைய மரவீடு விலைக்கு வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, பெயிண்ட் உரிந்து, வாசலில் ஓர் ஆப்பிள் மரத்தோடு நின்றது. மகன் வேண்டாம் என்றான். அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு வேறு வழி இல்லை. வாங்கினேன்.

என் மனைவி எனக்கு மாமி மகள். இன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறாள். குறை சொல்லமாட்டாள், சண்டை போடமாட்டாள். ஆனால் நான் கட்டியது, வாங்கியது எதையும் பார்த்து ஒரு நாளும் 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை. ஹோட்டல் திறப்பு விழாவில் ஊரே என் கையைக் குலுக்கியது. அவள், பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது மச்சான் என்றாள். எடிசனில் இருந்த வீட்டில் கருப்பு கிரானைட்டில் சமையல் மேடை போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்தாள், தடவினாள், பால் பாக்கெட் வருகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள். அவள் குட்டை. இந்த நாட்டு மேடைகள் எல்லாம் வெள்ளைக்காரிகளின் இடுப்புக்குக் கட்டியவை. அந்தப் பெட்டி வீடு வீடாக எங்களோடு வந்தது.

இந்த வீட்டுக்கு முதல் தடவை அவளைக் கூட்டிவந்த அன்று, அவள் கூரையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். மர மேடை. பழைய மேடை, கத்தி வெட்டு விழுந்து பள்ளமாகிப் போனது. அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றாள். தோள் ஏறவில்லை, குதிகால் எழும்பவில்லை. 

"மச்சான், இந்த மனுசன் தன் பொஞ்சாதிய நிக்க வச்சு அளந்து கட்டியிருக்காரு. எவ்வளவு நல்லாயிருக்கு பாருங்க."

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அது போய்ச் சேர்ந்தது முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு, அதுவும் செத்துப்போனவருக்கு.

நான் குனிந்து பார்த்தேன். மேடைக்குக் கீழே கால்விரல் நுழைய ஒரு பள்ளம் விடுவார்கள் இந்த நாட்டில். இதில் அது இல்லை. மேடையைத் தாங்குகிற அலமாரிப் பெட்டி நேராகத் தரையில் முட்டிக்கொண்டு நின்றது. கால் நுழைய இடம் விடத் தெரியாதவன் என்ன அளந்திருக்கப் போகிறான் என்றேன். காலுக்கு என்ன, கைக்கு எட்டுதுல்ல என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்துப் பண்ணையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். கோழி வளர்க்கிறார், முட்டை கொண்டுவந்து தருவார். நல்ல மனுஷி. ஆனால் வாயைத் திறந்தால் செத்துப்போன அந்த மனிதரின் புராணம்தான். களஞ்சியத்தைத் தனி ஆளாகக் கட்டினாராம். வேலைக்கு ஒருவரைக்கூட வைத்ததில்லையாம். அவர் மனைவி சின்ன உருவமாம், மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாராம். வாசல் ஆப்பிள் மரம் அவர் நட்டதாம், அதன் பழத்தில் செய்த இனிப்புக்குத் திருவிழாவில் பரிசெல்லாம் கிடைத்ததாம். என் மனைவிக்கு ஆங்கிலம் அரைகுறை. இதெல்லாம் மட்டும் ஒன்று விடாமல் புரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சாகவே ஆகிவிட்டது. நான் ஜன்னல் சட்டத்துக்குப் பட்டி பூசினால், அந்த மனுசன் இருந்திருந்தா மரத்தையே மாத்தியிருப்பாரு என்பாள். ஏணியில் ஏற மகனைக் கூப்பிட்டால், அவரு தனியா ஏறுனாராம்ல என்பாள். கூரையைப் புதிதாக வேய்ந்து முடித்த அன்று அவளை வெளியே கூட்டிவந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை பெஞ்சாத்தான் தெரியும் என்று உள்ளே போய்விட்டாள். மழையும் பெய்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் அந்த மேடைக்கு முன்னால் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பெட்டி கார் ஷெட்டில் கிடந்தது.

என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வார்த்தையை அவரிடமிருந்து பிடுங்கி என் பக்கம் கொண்டுவர வேண்டும்.

அதற்குச் சந்தர்ப்பம் தரையில் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் தரை அமுங்கியது. மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஒரு சனிக்கிழமை மகனை வரச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டர் வேலைக்காரன், எதைச் செய்வதற்கும் முன்னால் வீடியோ பார்ப்பான். பழைய தரையில் விஷத்தூசி இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தான். ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் என்னைக் கடப்பாரையைத் தொடவிட்டான்.

மேலே டைல்ஸ். அதை நெம்பினால் கீழே பிளைவுட். அதற்குக் கீழே ரப்பர் பாய் மாதிரி ஒரு விரிப்பு, பூப்போட்டது. அதற்குக் கீழே, பள்ளமாகிப்போன தரையை மட்டம் செய்ய ரீப்பர் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் இன்னொரு பிளைவுட். எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் காலத்து அகலப் பலகைத் தரை, தேன் நிறத்தில். ஒவ்வொரு தடவை தரை கெட்டபோதும் பழையதைப் பிடுங்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள்.

மகன் மேடைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அத்தா, இங்க பாருங்க. கேபினெட் எல்லாம் அடி ஃப்ளோர் மேல உக்காந்திருக்கு. மத்ததெல்லாம் அப்புறம் அதைச் சுத்திப் போட்டது."

எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் மேடையைத் தாழ்த்தவில்லை. பொஞ்சாதியை நிற்க வைக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. எல்லா வீட்டையும் போல உயரமாகத்தான் கட்டியிருக்கிறார். பிறகு தரைதான் அடுக்கு அடுக்காக ஏறி, கால்விரல் நுழைகிற பள்ளத்தையும் விழுங்கிவிட்டது. சோம்பேறித்தனம். மனைவியை உள்ளங்கையில் தாங்கியவர் செய்த வேலை இதுதான்.

மாடியில் இருந்தவளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வா, உன் மனுசன் அளந்த லட்சணத்தைப் பார் என்றேன். வந்தாள். ஒவ்வொரு அடுக்கையும் எடுத்துக் காட்டினேன். ஹோட்டல் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

அவள் பலகைத் தரையில் இறங்கி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். நாலு விரல் உயரம் கூடியிருந்தது. மேடை அவளுடைய விலா எலும்பைத் தொட்டது. கையை வைத்தாள், தோள் மேலே ஏறியது. நேரே வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. தூசியைத் தட்டிக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, எங்களுக்கு டீ போடக் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

மகன் என்னைப் பார்த்தான். நான் டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

டீயை நீட்டும்போது சொன்னாள்:

"சரி மச்சான். அவரு வேணும்னு செய்யல, தன்னால அமைஞ்சுருச்சு. நீங்க வேணும்னு செய்வீகளா?"

புதிய கேபினெட் ஆர்டர் பண்ணிடலாம், கேட்கிற உயரத்தில் செய்து தருவார்கள் என்றான் மகன். வேண்டாம் என்றேன். கடைக்காரன் செய்து தந்தால் பேர் கடைக்காரனுக்குப் போகும். பழைய தரை அடுக்கையே திரும்பப் போடலாம் என்றான். அதற்கு அந்த மனிதருக்கே நன்றிக் கடிதம் எழுதிவிடலாம் என்றேன்.

மேடை உயரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரோட்டா மேடை ஒரு விரல் கூடினால் மாஸ்டரின் தோள் போய்விடும். என் மூன்று ஹோட்டலிலும் என்னை நிற்க வைத்துத்தான் மேடை கட்டினார்கள். இப்போது அவளை நிற்க வைத்தேன். இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே பலகைகளை அடுக்கி, மாவைக் கொடுத்துப் பிசையச் சொன்னேன். அழுத்தும்போது முழங்கை நீண்டு உள்ளங்கை முழுசாகப் படிய வேண்டும். ஒரு பலகையை எடுப்பேன், இன்னொன்றை வைப்பேன், மறுபடி பிசையச் சொல்வேன். அவளுக்கு அலுத்துப்போனது.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி நிக்க வச்சுப் பாக்கல நீங்க."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். கடைசியில் அவள் கைக்குச் சரியாக வந்த உயரத்தைக் குறித்துப் பார்த்தேன். பழைய தரை இருந்தபோது நின்ற உயரத்தைவிட ஒரு விரல் கீழே. அதாவது அவருடைய மேடைகூட அவளுக்குச் சரியான உயரம் இல்லை. அன்று இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மேல் பலகையைக் கழற்றினோம். பிளம்பரை அழைத்துத் தொட்டிக் குழாயைப் பிரித்தோம். அலமாரிப் பெட்டிகளை மல்லாத்தி, அடிச்சட்டத்தை அறுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அவருடைய வேலையை உள்ளே பார்த்தேன். ஓர் ஆணி இல்லை. மரத்துக்குள் மரத்தை நுழைத்து, முளை அடித்து, இத்தனை காலமாக அசையாமல் நின்றிருக்கிறது. தரையில் சோம்பேறிதான், ஆனால் இதில் இல்லை. வயிறு மறுபடி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் ரம்பத்தை வைத்தேன். முழங்கால் வலித்தது. மகன், நான் பண்றேன் அத்தா என்று இரண்டு தடவை கேட்டான். பிடித்துக்கொண்டால் மட்டும் போதும் என்றேன். ஒரு மூலையில் ரம்பம் கொஞ்சம் இழுத்துவிட்டது. அங்கே மட்டும் ஒரு சில்லு சொருகியிருக்கிறேன், யாருக்கும் தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், குமிழி நடுவில் நின்றது.

அவள் வந்து நின்றாள். கையை வைத்தாள். மாவை எடுத்துப் பிசையத் தொடங்கினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள், கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்துப் பண்ணை அம்மா முட்டையோடு வந்தார். தேன் நிறத் தரையைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு மேடையின் மேல் கையை ஓட்டிக்கொண்டே, பார்த்தீர்களா, எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார், எல்லாம் அவர் மனைவிக்காக என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். தரைக்கு மேல் தரை போட்ட கதையை ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தைகளை அடுக்கியும் வைத்திருந்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்து, "யெஸ், யெஸ். வெரி குட் மேன்" என்றாள்.

அந்த அம்மா போனதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"செத்தவரோட என்ன போட்டி மச்சான்? அந்தம்மாவுக்கு அவரு இருக்கட்டும். இத யாரு அறுத்தாங்கன்னு என் இடுப்புக்குத் தெரியும்."

அவ்வளவுதான். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஊர் இன்னும் அவர் வீடு என்றுதான் சொல்கிறது. அந்த மேடையை அவருடைய மேடை என்கிறது. அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் எழுதிவைக்கிறேன்: இந்த உயரம் நான் அறுத்தது. வேண்டுமென்றே அறுத்தது.

வாசலில் நிற்கிற ஆப்பிள் மரம் மட்டும் அவர் நட்டது. அதை மறுக்கவில்லை. பழம் புளிப்பு.