டைனமோவுக்குக் கிளர்ச்சி

என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். நான் பக்கத்து மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாகர்கோவிலில் அப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவர் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் விஞ்ஞானம் பேசுவார். அந்த மாதம் அவரைப் பிடித்து ஆட்டிய வார்த்தை எக்ஸைட்டேஷன். அதற்குக் 'கிளர்ச்சி' என்று தமிழ் போட்டு, "டைனமோவில் கிளர்ச்சி! எல்லாரும் திரண்டு வருக" என்று நோட்டீஸ் எழுதினார்.

முப்பதுகளின் கடைசி அது. சமஸ்தானத்தில் நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் தடியைத் தூக்கும்.

"இந்த வார்த்தை வேண்டாம். ஊக்கம்னு போடுங்க," என்றேன்.

"ஊக்கம் பரீச்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் குடுக்கது. இரும்புக்கு எதுக்குட்டி?" என்றார். "சும்மா கிடக்கதை வெளியில இருந்து ஒண்ணு தட்டி எழுப்புது. நரம்பைத் தட்டுனா தவளைக்காலு துள்ளுது. அணுவைத் தட்டுனா வெளிச்சம் விடுது. எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான். தமிழில சொல்லாண்டாமா?"

அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்? அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. போய்விட்டேன்.

சனிக்கிழமை மத்தியானமே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காவல் போய்த் திரும்பிய போலீஸ்காரர்கள், தூக்கம் கெட்ட எரிச்சலில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் அந்த நோட்டீஸ் கிடந்தது. கேஸ் எழுதிவிட்டால் இவருக்கு ஜெயில், வேலையும் போய்விடும்.

"ஐயா, இது கரண்ட் சமாச்சாரம். கூட்டம் போட்டுக் கலகம் பண்ணுகதில்ல," என்றேன்.

"அப்படியா டீச்சரே? சாரு அதை இங்க காட்டட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து டைனமோவைத் தூக்கி வந்து, படியில் தடாலென்று போட்டார்கள். இவர் முகம் அப்போதே செத்துவிட்டது. பல்பை மாட்டிக் கைச்சக்கரத்தைச் சுற்றினார். எரியவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். ஒரு போலீஸ்காரர் லாக்கப் சாவியை எடுத்தார்.

"கீழ போட்டதுல இரும்புக்குள்ள கிடந்த காந்தம் போச்சு. ஒரு டார்ச் லைட்டு கிடைக்குமா?" என்று கேட்டார் இவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் தன் டார்ச்சை நீட்டினார். இவர் அதன் பாட்டரியைக் கழற்றி, டைனமோவின் சுருளிலிருந்து வந்த இரண்டு கம்பிகளை அதில் தொட்டுப் பிடிக்கும்படி என்னிடம் சொன்னார். பிடித்தேன். 'கர்த்தாவே, எரியட்டும்' என்பதைத் தவிர மனசில் வேறொன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியை எடுக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். பல்புக்குள் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. பிறகு பளிச்சென்று எரிந்தது. சாவிக்காரர் பின்னால் நகர்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

"இனி என் டார்ச்சு வேண்டாமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம்," என்றார் இவர். முகமெல்லாம் சிரிப்பு. "முதல்ல ஒருக்கா வெளியில இருந்து தூண்டிவிட்டாப் போதும். பிறகு அது தன்னைத்தானே கிளப்பிக்கிடும். கூடிக்கூடிப் போகும். இதுதான் கிளர்ச்சி."

நான் அவர் காலை மிதித்தேன். மனுஷன் நிறுத்தவில்லை. "உள்ளுக்குள்ள கொஞ்சம் காந்தம் மிச்சம் கிடந்தா, தூண்டக்கூட வேண்டாம், பாத்துக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "மனசிலாச்சு சாரே. ஒருத்தன் தூண்டினாப் போதும், பிறகு தானா கூடும். மேலிடத்திலிருந்து எங்களுக்கு எழுதி வந்திருக்கதும் இதேதான்."

சாவிக்காரர் லாக்கப்பைத் திறந்து இவரை உள்ளே விட்டுப் பூட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்ஸ்பெக்டர் மேல் வந்த ஆத்திரத்தைவிட இவர் மேல்தான் அதிகம் வந்தது. நாலு வார்த்தை குறைத்துப் பேசியிருந்தால் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு தின்றிருக்கலாம். நன்றாகத் திட்டத்தான் லாக்கப் கம்பியருகே போனேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் பளபளக்க, "எரிஞ்சுதுல்லாட்டி?" என்று கேட்டார்.

"எரிஞ்சுது," என்றேன்.