பேச்சிப்பாறையில் பத்து நிமிடம் என்பது எவ்வளவு தூரம்?

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஆதிரா கணக்கில் புலி. வேகம், தூரம், நேரம் என்ற பாடம் மட்டும் அவளைக் கவிழ்த்துவிட்டது, பத்துக்கு இரண்டு. திங்கட்கிழமை மறுதேர்வு. சனிக்கிழமை புத்தகத்தை மூடிவைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவளை, "வா மக்களே, தண்ணியப் பாத்துட்டு வருவோம்" என்று பேச்சிப்பாறை அணைக்கு அழைத்துப் போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வேறென்ன செய்ய?

வடசேரி பஸ் நிலையத்தில் காலை 7.40க்கு பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 9.25க்கு இறங்கி, நீர்த்தேக்கக் கரைக்கு ஆட்டோ பிடித்தோம், அறுபது ரூபாய். பேச்சு சுவாரசியத்தில் தூரத்தைக் கவனிக்கவில்லை. கரை தளும்பத் தண்ணீர். ஆதிரா சிரித்தாள்.

திரும்ப 12.30 பஸ். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து பைக்கில் வந்தவரிடம் பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்றேன். "பத்து நிமிசம், ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 12.10க்கு ஆடி அசைந்து கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது 12.50. பஸ் போய்விட்டது!

டீக்கடையில் அதே மனிதர்.

"மாமா, பத்து நிமிசம்னு சொன்னியளே?" ஆதிரா சண்டைக்கே போய்விட்டாள்.

"பைக்குல பத்து நிமிசம் மக்கா. ஆச்சி நடக்கிய நடைக்கு நான் எப்பிடிக் கணக்குச் சொல்ல?"

ஆதிரா போனில் பார்த்தாள். இரண்டு கிலோமீட்டர். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஆச்சி, தூரம் ஒண்ணுதான்! நமக்கு நாப்பது நிமிசம், மாமாவுக்குப் பத்து. நம்ம வேகம் மணிக்கு மூணு, மாமா வேகம் பன்னெண்டு. நேரம் நாலு மடங்கு, வேகம் நாலுல ஒண்ணு!"

"பன்னெண்டா? பைக்குக்கு அது கொறச்சலு" என்றேன்.

"ரோட்டப் பாத்தியளா ஆச்சி?" என்றார் அவர்.

1.30 பஸ்ஸில் ஏறியதும் காலைப் பயணத்துக்கும் கணக்குப் போட்டாள். 42 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், மணிக்கு 24. கேட்காமலே போட்டாள் என்பதுதான் விஷயம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் தூரத்தை நிமிடத்தில்தான் சொல்வோம். எதில் போனால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் ஆட்டோவையும் முன்பே பேசிவையுங்கள்.

மறுதேர்வில் ஒன்பது. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

நேற்று வாசலில் ஒருவர் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "அஞ்சு நிமிசம்" என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஆச்சி, நடந்தா, வண்டியிலயா?"