நாலாவது பேருக்குத்தான் வாய் திறப்பார்

கஞ்சிக் கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி, கரண்டியை அப்பாவின் உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி நிறுத்திக்கொண்டு, புஷ்பலதா பெரட்டு எடுக்கிறார்.

"இருளாயீ... ராக்காயீ... அர்ச்சுனா..."

கங்காணியின் அதே இழுப்பு, அதே ராகம். நான்காவதாக அவர் பெயரை, "அப்பாவூ!" என்று இழுத்ததும், கட்டிலில் சாய்ந்திருக்கும் எண்பத்து நான்கு வயதுக்காரர் நிமிர்ந்து, "இருக்கேங்க!" என்கிறார். வாய் திறந்த அந்த நொடியில் கரண்டி உள்ளே போய்விடும். ஒரு கிண்ணத்துக்கு இருபத்திரண்டு பெரட்டு.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களைப் பெயர் சொல்லி எண்ணுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அங்கே இப்போது வரிசை வரிசையாக மாடிவீடுகள். முதல் மூன்று பெயர்க்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவுவின் நினைவிலிருந்து பெற்ற பிள்ளைகளின் பெயர்கள்கூட உதிர்ந்துவிட்டன. இந்த வரிசை மட்டும் நிற்கிறது.

"நேரா அவரு பேரக் கூப்புட்டா மொறைப்பாரு லா. முன்னால மூணு பேரு நிக்கிறாங்கல்ல? அவங்கள உட்டுட்டு இவரு எப்படிப் பேரு குடுப்பாரு?" என்பார் மகள்.

புந்தோங்கில் ரவிக்கை தைப்பவர் புஷ்பலதா. வயது ஐம்பத்தாறு. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் பேசுவார், எல்லாருக்கும் புரியும். கோபம் வந்தால் மட்டும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பொதியில் குத்துவார். கடைசி ஊசி வெளியே வருவதற்குள் புத்தியுள்ளவர்கள் ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லிக் கேட்டதை மறந்துவிடுவார்கள்.

இரண்டு வருடமாக வலது கண்ணில் புரை. ஊசியில் நூல் கோர்க்க எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பின்னணியாக வைத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை அப்பாவுக்காக இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. மூன்றாவது தேதி, தீபாவளி முடிந்த நான்காம் நாள். இந்த முறையும் வராவிட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான் என்று தாதி சொல்லிவிட்டார். அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

"அப்பா பாரமில்லியா, மிஸ்ஸி?" என்று கேட்டிருக்கிறார். தாதி சிரித்தாராம்.

தம்பி கோகிலனும் தங்கை தினேஸ்வரியும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தேதியை மூன்று முறை போட்டார். குடும்பப் பாசத்துக்குக் குறைவில்லை. ஜொகூரிலிருந்து தினேஸ்வரி ஒரு சிவப்பு இதயமும் கூப்பிய இரு கைகளும் அனுப்பினாள். கோலாலம்பூரில் பெரிய நிறுவனமொன்றில் ஊழியர் நலம் பார்க்கும் கோகிலன், பண்டிகை நாட்களில் நோயாளியைப் பராமரிப்பவர்கள் இசையால் மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி என்ற கட்டுரையை அனுப்பினான். 'அக்கா, கண்டிப்பா படி' என்று வேறு. எழுத்து பொடியாக இருந்தது. எதிர்வீட்டுச் சுவரைப் பின்னணியாக வைத்தும் படிக்க முடியவில்லை.

தீபாவளியன்று பதினொரு மணிக்குக் கோகிலன் தனியாகத் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்திறங்கினான். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அலர்ஜியாம். எதற்கு என்று சொல்லவில்லை. அப்பாவின் காலைத் தொட்டு, படம் எடுத்து, குழுவில் போட்டு, எட்டுத் தோசையும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டு முடித்து, ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே காதை முழுசாக மூடும் ஹெட்போன்.

"வெளிச்சத்தம் ஒண்ணுமே கேக்காதுக்கா. நாப்பது பாட்டு ஒன் போன்ல போட்டுத் தாரேன். எல்லாம் புல்லாங்குழல். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் கண்ண மூடிக் கேட்டா டென்ஷன் எல்லாம் பறந்துரும்."

"அந்த இருபது நிமிஷம் அப்பாவ யாருடா பாப்பாங்க?"

"கேட்டுக்கிட்டே பாக்கலாமே!"

நிபுணர் அல்லவா, பதில் உடனே வந்தது.

மடியில், அறுவைக்கு முன் முடித்துத் தர வேண்டிய கடைசி ரவிக்கை. புஷ்பலதா உதட்டிலிருந்து முதல் ஊசியை எடுத்தார். "வியாழக்கெழம ஆப்பரேஷன். ரெண்டு வாரம் அப்பாவ கூட்டிட்டுப் போறியா?"

"நான் பதினெட்டாவது மாடிலக்கா. அந்தக் காத்து அப்பாவுக்கு ஒத்துக்காது."

இரண்டாவது ஊசி. "இங்க வந்து தங்குறியா?"

"லீவு இல்லியேக்கா. ஊழியர் நலன் வாரம் வருது, நான்தான் பேச்சாளர்." செல்பேசியை நிமிர்த்தினான். திரையில் தினேஸ்வரி, பட்டுப்புடவையில். "அக்கா, உன்ன மாதிரி அப்பாவ யாராலயும் பாக்க முடியாது லா. நீ தெய்வம்!"

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. உதட்டில் ஊசியே இல்லை. கோகிலன் அதைக் கவனிக்கவில்லை; பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தான்.

மத்தியானக் கஞ்சிக்கு நேரமாயிற்று. புஷ்பலதா கிண்ணத்தைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் பாட்டு தொடங்கியிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தளர்ந்தது. கட்டுரையில் சொன்னதில் தப்பில்லை.

"அப்பா, ஆ காட்டுங்க... அப்பா... மிஸ்டர் அப்பாவு!" கோகிலன் கெஞ்சினான். அப்பாவு அவனை முறைத்தார். உதடு பூட்டிக்கொண்டது. "அக்கா, தொறக்க மாட்றாருக்கா! என்ன சொல்லணும்?"

புஷ்பலதா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்தார். காலையிலேயே கட்டி வைத்தது: டயப்பர் இரண்டு பாக்கெட், அப்பாவின் நான்கு கைலி, மருந்து டப்பா, மாடிக்காற்றுக்கு ஒரு கம்பளிக் குல்லாய். பையின் பக்கவாட்டில் ஒரு தாள். தடித்த எழுத்தில் இருளாயி, ராக்காயி, அர்ச்சுனன், அப்பாவு. மூலை மடங்கியிருந்தது, பொதியிலிருந்து ஓர் ஊசியை உருவி அதை நேராகக் குத்தினார்.

பிறகு மேசை மேலிருந்த கோகிலனின் காடிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, அது எதுக்கு? அக்கா! அந்தப் பைய எங்க கொண்டு போற?"

நல்ல ஹெட்போன். வெளிச்சத்தம் ஒன்றுமே கேட்காது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புஷ்பலதா வாசலில் நின்ற தம்பியின் காடியை நோக்கிப் போனார்.