பீரங்கி மேடையில் ஓர் அரசங்கன்று

எங்கள் பெரிய துரைக்குத் தேயிலையைவிடப் பிரியமான ஒன்று இருந்தது. அது எங்கள் தோட்டம் இருந்த மாத்தளையில் இல்லை. திருகோணமலைக் கடலோரத்தில் ஒரு பாறையின் மேல் இருந்தது. யுத்த காலத்தில் எதிரிக் கப்பல்களைச் சுடுவதற்காகக் கட்டிய பீரங்கி மேடை அது. தடித்த சுவர், அதைவிடத் தடித்த கொங்கிரீட் கூரை, கடலைப் பார்த்தபடி நீளமாக ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாக ஒரு கப்பலையும் யாரும் சுடவில்லை என்பது வேறு விஷயம். துரை அதைக் கோட்டை என்றுதான் சொல்வார். அவர் முன்னால் நாங்களும் அப்படியே சொல்வோம். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சொன்ன பெயரை எழுத்தில் போட முடியாது.

அதைக் கட்டியவர்களில் நானும் ஒருவன், என் அண்ணனும் ஒருவன். அண்ணன் அங்கிருந்து உயிரோடு வீடு வந்து சேரவில்லை. அதனால் அந்தக் கோட்டை உடைந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு நிற்கவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும், அடுத்தது இலங்கைதான் என்று வெள்ளைக்காரர்கள் பயந்தார்கள். தோட்டத்தில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த துரை காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு ராணுவ அதிகாரி ஆனார். திருகோணமலையில் மேடை கட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் தோட்டத்திலிருந்தே ஆட்களைப் பொறுக்கினார். அண்ணன் தோட்டத்துக் கொத்தன். நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவர் இடிந்தால் கட்டுவதும் தேயிலை ஸ்டோருக்குச் சிமெந்து பூசுவதும் அவன்தான். நான் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிறவன். அண்ணனுக்குக் கையாளாக என்னையும் லொறியில் ஏற்றினார்கள். போக மாட்டோம் என்று சொன்னால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டுவார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். போனோம்.

கூரைக்குக் கொங்கிரீட் போட்ட அன்றே அண்ணனுக்கு மலேரியாக் காய்ச்சல். அதோடுதான் மட்டப்பலகை பிடித்தான். வேலை முடிந்ததும் கொட்டகைக்குள் சுருண்டு விழுந்தான். ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, கூரை இறுகும் வரை கொத்தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

புதுக் கொங்கிரீட்டை அந்த வெயிலில் சும்மா விட்டால் வெடிப்பு விடும். அதனால் கூரை முழுக்க நனைத்த கோணிகளைப் பரப்பி, காய விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் அளந்துதான் கிடைத்தது. கூரைக்கு அளவே இல்லை.

அந்தக் கொளுத்துகிற வெயிலில் அண்ணனுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. "தம்பி, குளிருதுடா. எதையாச்சும் எடுத்துப் போத்துடா" என்றான். என்னிடம் இருந்த ஒரே போர்வையை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நான் கூரையில் ஏறி, கடலைப் பார்த்த மூலையிலிருந்து ஒரு கோணியை உருவினேன். பிழிந்து, பாறையில் காயவைத்து, அண்ணன் மேல் போர்த்தினேன். அவன் கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கினான்.

துரை கூரையைப் பார்க்க வந்தார். வெறும் மூலை அவர் கண்ணில் பட்டது. அவர் சத்தம் போடவில்லை. நேரே கொட்டகைக்குள் வந்து, கைப்பிரம்பின் நுனியால் அண்ணன் மேலிருந்த கோணியைத் தூக்கி என் காலடியில் போட்டார்.

"காய்ச்சல் தானா போகும். கூரை வெடிச்சா யாரு பொறுப்பு? சொல்லு, யாரு பொறுப்பு?"

அந்தக் கோணியை என் கையாலேயே நனைத்து, என் கையாலேயே அந்த மூலையில் விரித்தேன். துரை கீழே நின்று, சுருக்கம் இல்லாமல் விரிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை நன்றாக இறுகியது. ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. அதன் பிறகுதான் அண்ணனை லொறியில் ஏற்ற அனுமதி கிடைத்தது. தம்புள்ளை தாண்டி, நாலந்தை தாண்டி வந்தோம். "மாத்தளை வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பலாபத்வலையில் டிரைவர் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நானும் ஒரு கோப்பை வாங்கி, அண்ணனுக்கு ஒரு வாய் ஊற்றலாம் என்று திரும்பினேன். அவன் கண் திறந்தே இருந்தது. வீடு கிட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கோப்பையை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

யுத்தம் முடிந்தது. துரை தோட்டத்துக்குத் திரும்பினார். கடலோரத்து மேடைகளிலிருந்து பீரங்கிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சிலவற்றை இடித்து இரும்புக் கம்பியை எடுத்தார்கள். துரைக்குத் தூக்கம் போய்விட்டது. தன் கோட்டையை மட்டும் இடிக்கக் கூடாது, பிற்காலத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பாதுகாக்க வேண்டும் என்று கொழும்புக்கும் திருகோணமலைக்குமாக அலைந்து அனுமதி வாங்கிவிட்டார். ஒரு நாள் விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, "சரித்திரத்தைக் காப்பாத்தணும்" என்று பேசினார். சுவரில் ஒரு கருங்கல் பதித்தார்கள். அதில் துரையின் பெயர், பதவி, இன்னும் சில வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள். கொத்தன் ஒருவன் பெயரும் இல்லை. அந்தக் கல்லைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குள் இருந்த நெருப்புக்கு ஒரு வழி வேண்டும் என்று ஆயிற்று. ஒரு மனிதனைப் போர்த்த மனம் வராத ஆள், ஒரு கூரையைக் காப்பாற்ற ஊர் ஊராக ஓடுகிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை புதரை வெட்டி, வெடிப்பை அடைத்து, சுண்ணாம்பு அடிக்கத் தோட்டத்து ஆட்களை அனுப்புவார். இடம் தெரிந்தவன் என்று என்னைத் தலைவனாக்கினார். நான் சலாம் போட்டு ஒப்புக்கொண்டேன்.

அந்த வருஷம் மாத்தளை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மதிலைப் பழுது பார்த்தார்கள். மதிலைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. அரசை யாரும் பிடுங்கி எறிய மாட்டார்கள். கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, வேரோடு எடுத்து வேறிடத்தில் நட வேண்டும். யார் எடுத்துப் போகிறீர்கள் என்று கோயிலில் கேட்டார்கள். நான் முன்னால் போனேன்.

"ஒனக்குப் பெரிய புண்ணியம்யா" என்றார் பூசாரி.

"ஆமாங்க சாமி" என்றேன்.

கன்றைச் சிரட்டையில் வைத்து லயத்துக்குக் கொண்டு வந்தேன். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எந்த மூலைல வைப்ப?"

"கடலப் பாத்த மூலைலம்மா."

அவள் உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் எடுத்து வந்து சிரட்டையில் ஊற்றினாள்.

கோட்டையில் மற்றவர்கள் கீழே புதர் வெட்டிக்கொண்டிருக்க, நான் வெடிப்பு அடைக்கிறேன் என்று கூரையில் ஏறினேன். அந்த மூலையில் உளி வைத்துக் குழி தோண்டினேன். அண்ணன் மட்டம் பார்த்த கொங்கிரீட் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கைவேலை அது. அவனுடையது என்று உலகத்தில் மிஞ்சியிருந்ததும் அதுதான். இரண்டு தடவை உளியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் கைப்பிரம்பின் நுனி நினைவுக்கு வந்தது. குழி ஆழமாகவே இறங்கியது. மண் போட்டுக் கன்றை நட்டேன்.

மிச்ச உதவியைத் துரையே செய்தார். உடம்பு சரியில்லை என்று சீமைக்குக் கப்பல் ஏறியவர், தான் இல்லாதபோது கோட்டைக்கு ஆபத்து வரக் கூடாது என்று வில்கமுவப் பக்கத்துச் சிங்கள ஆள் ஒருவரைக் காவலுக்குப் போட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர், பன்சலை என்கிற பௌத்த விகாரைக்குப் போகாமல் பௌர்ணமியைத் தாண்ட மாட்டார். அவர் கண்ணில் கன்று பட்டது. அடுத்த தடவை நான் போனபோது அதைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருந்தார்.

"இது போ மரம் அண்ணே. தானா மொளச்சிருக்கு. நான் தெனம் தண்ணி ஊத்துறேன்" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஊத்துங்க, நல்லா ஊத்துங்க" என்றேன். துரை காவலுக்கு வைத்த ஆளே என் மரத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். அன்று வயிறு குலுங்கச் சிரித்தேன். அண்ணன் செத்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

துரை திரும்பி வந்தார். வந்த சூட்டோடு பெரிய பெரிய அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு கோட்டையைக் காட்டப் போனார். முன்கூட்டியே சுத்தம் பண்ண எங்களையும் அனுப்பியிருந்தார். மரத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. அது ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. காவல்காரர் வெள்ளைத் துணி கட்டி, அடியில் விளக்கு வைத்திருந்தார். கீழே சுவரில் ஒரு பிளவு நேராக அந்தக் கருங்கல்லை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

துரையின் முகம் சிவந்தது. "வெட்டு" என்றார் என்னைப் பார்த்து.

"மன்னிக்கணும் தொரைங்களே. அரசமரத்துல கத்தி வைக்க மாட்டேங்க."

துரை காவல்காரர் பக்கம் திரும்பினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். லொறி டிரைவர் கத்தோலிக்கர், அவருக்கு அரசமரம் ஒன்றும் சாமி இல்லை. ஆனாலும் இத்தனை பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, லொறியில் ஏதோ சத்தம் கேட்டதுபோல் நழுவிவிட்டார். வந்த அதிகாரிகள் கடலைப் பார்த்தார்கள். துரை என் இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தானே கூரையில் ஏறினார். மூச்சு வாங்க வாங்க மரத்தை அடியோடு வெட்டித் தள்ளினார்.

காவல்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் நெஞ்சு பதறியது, மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே உள்ளே குளிர்ந்துவிட்டது. ஆயுசு முழுக்கத் தேயிலை வளர்த்தவர் அவர். தலையை வெட்டினால் செடி பல கிளையாகத் தழைக்கும் என்பதற்காகத்தானே எங்களைக் கவ்வாத்துக்கு விரட்டுவார். ஆத்திரத்தில் அதை மறந்துவிட்டு, என் மரத்துக்குத் தன் கையாலேயே கவ்வாத்து வெட்டிவிட்டு இறங்கினார். வேர் முழுக்கக் கூரைக்குள்ளேதான் இருந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷத்தில் துரை தோட்டத்தை விட்டு ஒரேயடியாகப் போனார். மாலை போட்டோம், மேளம் அடித்தோம். காரில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "கோட்டையப் பாத்துக்கோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"பாத்துக்கிறேங்க தொரைங்களே" என்றேன்.

சொன்னபடியே போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாகப் போனபோது மரம் பல கிளையாகத் தழைத்து, மூலை முழுக்கப் பிளந்திருந்தது. பிளவு வழியாக உள்ளே வெயில் அடித்தது. கருங்கல் சுவரை விட்டுக் கழன்று மண்ணில் குப்புறக் கிடந்தது. தோட்டத்திலிருந்து கொண்டு போன காய்ந்த கோணி ஒன்றை மரத்தடியில் விரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூரை வெடித்தால் யார் பொறுப்பு என்று அன்றைக்குக் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்தான் பொறுப்பு, தொரைங்களே.