எழுதாமல் விட்ட ஏழாவது பெயர்

குளியலறை கழுவ ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தைப் பிரித்தேன். நெடி மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. எத்தனை ஊர் மாறினாலும் இந்த நெடிக்கு என் முகவரி தெரிந்திருக்கிறது.

அறுபதுகளின் திருப்பூர். ப்ளீச்சிங் பவுடரில் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையை ஒட்டிய தகரக் கூரைக்குள் அப்பாவின் பனியன் கம்பெனி. நான்கு பின்னல் மெசின்கள். அனுப்பிய சரக்குக்கு வெளியூர்க்காரன் பணம் தரவில்லை; அப்பா நூல் கடைகளுக்குத் தரவில்லை. மிஞ்சியது மஞ்சள் கடுதாசி ஒன்றுதான். கோர்ட்டில் திவால் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பது.

நூல் கடைக்காரர்கள் ஆறு பேரும் ஒரு மத்தியானம் வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

"உங்க மஞ்சக் கடுதாசிய வாங்கி நாங்க போண்டா மடிக்கறதுங்களா? மெசின் ஓடட்டுமுங்க. ரூபாய்க்குப் பன்னண்டணா, முக்காவாசி போதும், மூணு வருசம், மாசாமாசம் குடுங்க. வட்டி வேண்டாம்" என்றார் பெரியவர்.

அப்பா அழுதார். ஒரே நிபந்தனை: கடன் கொடுத்த எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே நிற்கும் ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலும் ஒப்பந்தம் முறியும்.

கையெழுத்து அழகு என்று பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆறு பேரை எழுதிவிட்டு ஏழாவதாக வெள்ளகோவில் மாமனை, அம்மாவின் அண்ணனை, எழுதப் போனேன். காளை ஜோடியை விற்றுப் பணம் கொடுத்தவர்.

அப்பா குனிந்து என் காதில் சொன்னார்: "மாமனை எழுதாத கண்ணு. பொண்ணக் குடுத்த ஊட்டுக்காரரைக் கடன்காரங்களோட சேத்தறதா? அவருக்குப் பன்னண்டணாவா? முழுசாக் குடுக்கோணும்."

எழுதவில்லை. அதை ஒரு மரியாதை என்றே நானும் நினைத்தேன். மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சந்தையில் யாரோ மாமனிடம் சொல்லியிருக்கிறார்கள்: எல்லாருக்கும் எழுதியாயிற்று, உங்கள் பெயர் மட்டும் இல்லை. தன் பணம் இல்லையென்று ஆகிவிட்டதாக அவர் நினைத்தார். அப்பா கடனுக்கு எழுதிக்கொடுத்திருந்த புரோநோட்டை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். சம்மன் வந்த வாரமே நூல் கடைக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கோர்ட். அப்பா மஞ்சள் கடுதாசி கொடுத்தார்.

மெசின்களை வண்டியில் ஏற்றிப் போன அன்று மாமன் வந்தார். எண்ணெய்க் கறை படிந்த நான்கு வெற்றிடங்களுக்கு நடுவே அவரும் அப்பாவும் நின்றார்கள். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"என்னைய மட்டும் ஏனுங்க மாப்ள உட்டுப்போட்டீங்க?"

"உங்களைக் கடன்காரருன்னு எழுதக் கை வரலீங்க மச்சான்."

மாமன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி ஒன்றே ஒன்று சொன்னார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை.

"அதையாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க மாப்ள."