மத்திகிரியிலிருந்து கடல் நிலவரம்

எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடுகள். ஏழிலும் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள்தான் குடியிருக்கிறோம். தண்ணி லாரி வருமா, காலை பஸ்ஸைப் பிடிப்போமா என்பதற்கு மேல் எங்களுக்கு வேறு கவலை கிடையாது. பக்கத்து வீட்டு முனிலட்சுமிக்கு மட்டும் கடல் கவலை. மத்திகிரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் கடல். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பயப்பட ஒரு தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன். என் வாய் அப்படி.

அவள் கெலமங்கலத்துக்காரி. அப்பாவுக்குத் தக்காளியும் பீன்ஸும் போடுகிற நிலம். கிணற்றிலும் ஏரியிலும் குதித்து வளர்ந்தவள். அவளைக் கட்டிக்கொண்ட சிவராஜுக்கு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கல்யாணமான புதிதில் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேதான் ஒரே ஒரு தடவை கடலில் கால் வைத்தாள். அலை திரும்பும்போது காலடி மண் நழுவி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அலை தலைக்கு மேல் வந்தது. சிவராஜ் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாராம்.

"ஏரித் தண்ணி சும்மா இருக்கும்க்கா. நாமதான் போயி வுழணும். கடலு அப்பிடி இல்ல. அதுவா வந்து கூட்டிக்கினு போவுது" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். சௌந்தரராஜன் என்று ஒருவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிற சர்ஃபிங் பைத்தியம். ஓசூரில் ஒரு மாடி அறையை எடுத்து, தினமும் கடல் நிலவரம் சொல்கிற சேவை ஒன்றை ஆரம்பித்தார். அரசாங்கம் வெளியிடும் அலை, காற்று விவரங்களை அவர் சுருக்கி அனுப்புவார். அதைப் பேச்சுத் தமிழில் பேசிப் பதிந்து, வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். ஒரு குழுவில் ராமநாதபுரம் கரையில் ஒரு சிற்றூரின் மீனவர்கள் நாற்பது பேர். இன்னொன்றில் அதே கரைக்குச் சர்ஃபிங் செய்ய வருகிறவர்கள். வீட்டிலிருந்தே செய்யலாம், குரல் தெளிவாக இருந்தால் போதும் என்றார்கள். முனிலட்சுமிக்கு வெண்கலக் குரல்.

விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும் என்பதால், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள் பேசுவாள். ஒவ்வொரு செய்திக்கும் இருபது நொடி. குரலில் அலை உயரம், காற்று வேகம் என்று எண்கள் கூடாது என்பது உத்தரவு. எண்களெல்லாம் சர்ஃபிங்காரர்களுக்குப் படமாகத் தனியே போய்விடும். மீனவர்களுக்கு இவள் குரல் மட்டும்தான். முதலில் மீனவர் செய்தி, அடுத்து சர்ஃபிங் செய்தி. பதிந்த வரிசையிலேயே அனுப்பிவிடுவாள்.

மீனவர்களுக்குப் பேசும்போது அவள் குரல் நடுங்கும். கடல் அமைதியாக இருக்கிற நாளிலும் நடுங்கும். "என்னம்மா, எழவுச் சேதி சொல்ற மாதிரியே சொல்றீங்க? சர்ஃபிங் குரூப்புக்காவது கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க" என்று சௌந்தரராஜன் கடிந்துகொண்டார். அதிலிருந்து இரண்டாவது செய்தியை வலிந்து சிரித்துக்கொண்டே பேசப் பழகினாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தினமும் முதலில் அழுகிற குரல் கேட்கும், அப்புறம் சிரிக்கிற குரல் கேட்கும். இரண்டு பொம்பளை குடியிருக்கிற வீடு என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பேன்.

மீனவர் குழுவில் இருளாயி என்று ஒரு அம்மா. புருஷன் கருப்பசாமி சின்ன வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் அந்த அம்மா இவளுக்குத் தனியாகக் குரல் அனுப்பினாள். "நீ எந்தூரு தாயி?" இவள் ஓசூர் என்றாள். "அங்கன கடல் இருக்கா?" இவள், "ஏரி இருக்குதும்மா" என்றாள். அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்த சிரிப்பை எனக்குப் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. கருப்பசாமி திரும்பியதும், பகல் பதினொரு மணி சுமாருக்கு, "கரை ஏறியாச்சு தாயி" என்று இருளாயியிடமிருந்து குரல் வரும். அதைக் கேட்ட பிறகுதான் முனிலட்சுமி மத்தியான உலையே வைப்பாள். அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "சிவராஜ் நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றதக் கூட நீ இப்பிடிப் பாத்ததில்ல" என்று கேலி பண்ணுவேன். "அவரு பஸ்ஸுல வர்றாருக்கா" என்பாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் காரியம் நடந்தது.

அன்றைக்குச் சௌந்தரராஜன் அனுப்பிய குறிப்பு இதுதான். காற்று இல்லை, வானம் தெளிவு. ஆனால் தெற்கே எங்கோ நடுக்கடலில் எழுந்த பெரிய அலை, பத்து மணிக்கு மேல் கரைக்கு வந்து சேரும். இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். வள்ளம் போகிறபோது கடல் குளம் மாதிரி கிடக்கும். திரும்பி வருகிறபோது கரையோரத்தில் நின்று அடிக்கும். ஆகவே மீனவர்கள் போகவே வேண்டாம், வள்ளத்தை மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும். சர்ஃபிங்கில் பழகியவர்களுக்கோ பத்து மணிவரை அருமையான நேரம்.

அன்று பார்த்து, பயிற்சி கொடுக்கிற ஆள் ஒருவர் தூரத்திலிருந்து ஆட்கள் கிளம்ப வேண்டும், சர்ஃபிங் செய்தியைச் சீக்கிரம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதனால் அதை முதலில் பேசிப் பதிந்தாள், மீனவர் செய்தியை இரண்டாவதாகப் பதிந்தாள். ஆனால் கை பழைய வரிசையிலேயே போய்விட்டது. முதலில் பதிந்தது மீனவர்களுக்கு, இரண்டாவது சர்ஃபிங்காரர்களுக்கு. அனுப்பிவிட்டு, சிவராஜுக்கு டிபன் கட்டக் கம்பளியை விலக்கி எழுந்துவிட்டாள்.

எட்டு மணிக்கு அந்தப் பயிற்சிக்காரர் சிரித்துக்கொண்டே குரல் அனுப்பினார். "என்னக்கா, வள்ளத்த ஏத்திக் கட்டச் சொல்றீங்க? எங்ககிட்ட வள்ளமே கிடையாதே."

நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்று ஒரு சத்தம் கேட்டது. பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஈரக்கையோடு ஓடினேன். முனிலட்சுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். போனிலிருந்து அவளுடைய சிரிப்புக் குரல் கேட்டது. "காத்து இல்ல, வானம் தெளிவா இருக்கு. பத்து மணிவரைக்கும் கடல் அருமையா இருக்கும். சந்தோஷமாக் கெளம்புங்க." அது மீனவர் குழுவில் இருந்தது. கேட்டவர்கள் பட்டியலில் இருபத்தாறு பேர். இருளாயி பெயரும் இருந்தது.

"நான்தான்க்கா அனுப்பி வச்சேன். நானே அனுப்பி வச்சுட்டேன்" என்றாள். என் வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான்.

அந்தச் செய்தியை அழித்தாள். சரியானதை அனுப்பினாள். கடலுக்குள் போன பிறகு போனுக்கு சிக்னல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் அனுப்பினாள். இருளாயியைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. சௌந்தரராஜனைக் கூப்பிட்டாள். அவர் பெங்களூர் ரோட்டில், அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "கடலோரக் காவலுக்குச் சொல்றேன், வைங்க" என்றார். அவர் திட்டாததுதான் எங்களுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

மணி ஒன்பது ஆயிற்று. வாசலில் தக்காளிக்காரர் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனார். வெயில் நன்றாக அடித்தது. எனக்கு அந்த வெயிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கேயும் இப்படித்தானே தெளிவாக இருக்கும், நம்பித்தானே போயிருப்பார்கள் என்று தோன்றியது. நான் கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் அன்று அந்த அறையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு மேல் அவள் எழுந்து அரிசியைக் களைந்து வைத்தாள். பதினொன்று ஆயிற்று. களைந்து வைத்த அரிசி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. போன் வாயைத் திறக்கவில்லை. பதினொன்றரை ஆயிற்று. "அந்தம்மா எனக்குச் சொல்லாம இருக்க மாட்டாங்கக்கா. ஒரு வருசமா ஒரு நாள் தப்பினதில்ல" என்றாள். அதற்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். "சார்ஜ் இல்லாம இருக்கும்" என்று சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. இருளாயி. முனிலட்சுமி எடுக்கவில்லை. எடுத்தால் உண்மையாகிவிடும் என்கிற மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாயி, இருக்கியா?"

"அம்மா, அவரு வந்துட்டாரா?"

"எங்கிட்டுப் போனாக வர்றதுக்கு? இவுக போகவே இல்ல தாயி. நாந்தான் விடல."

முனிலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் காற்றும் ஆட்கள் கத்துகிற சத்தமும் கேட்டன. அதற்கு நடுவில் இருளாயி பேசிக்கொண்டே இருந்தாள்.

"காலைல ஒங்குரலக் கேட்டேன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுன. இந்த ஒரு வருசத்துல நீ எங்ககிட்ட ஒரு நாளாச்சும் சிரிச்சிருக்கியா? எப்பப் பேசுனாலும் ஒம் புருசனையே கடலுக்கு அனுப்புற மாதிரிதான பேசுவ? இது நமக்குச் சொன்ன சேதி இல்ல, இதுல என்னமோ கோளாறு இருக்குன்னேன். ஒரு பொம்பள சிரிச்சதுக்கா நான் தொழிலுக்குப் போகாம இருக்கணும்னு இவுக ஒரே சண்டை. எஞ்சின் எண்ணெக் கேனத் தூக்கிக் கோழிக் கூண்டுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன். பத்தரைக்குக் கடல் ஏறிருச்சு. எல்லாரும் வள்ளத்த இழுத்துக்கிட்டு நின்னோம். போனு வீட்டுல கெடந்துச்சு."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் முனிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"வேற யாராச்சும் போனாங்களாம்மா?"



"நாங் கத்துனதக் கேட்டு முக்காவாசிப் பேரு நின்னுட்டாக. ரெண்டு வள்ளம் மட்டும் போச்சு தாயி. ஒண்ணு ஒன்பதரைக்கே திரும்பிருச்சு. பூபதி வள்ளம் கரைக்கிட்ட வந்து கவுந்துருச்சு. மூணு பேரையும் இழுத்துப் போட்டுட்டோம், உசுருக்கு ஒண்ணுமில்ல. பூபதி மேல வள்ளம் அடிச்சு, தோள்பட்ட எலும்பு ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக."

"அவரு என் குரலக் கேட்டுத்தான் போனாரா?"

அந்த அம்மா பொய் சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"ஆமா தாயி" என்றாள்.

அன்றைக்கு நான் ஷிப்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் சிவராஜ் வந்து, இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்றார். அவள் போனைச் சார்ஜில் போட்டாள். சௌந்தரராஜன் கூப்பிட்டு, ரெண்டு நாள் ஓய்வு எடுங்க, நானே பேசி அனுப்புறேன் என்றார். உங்க குரல அங்க யாருக்கும் தெரியாது சார் என்றாள்.

மறுநாள் நாலே முக்காலுக்கு நான் முழித்துக்கொண்டேதான் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேச மாட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் கம்பளிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. நடுவில் உடைந்து நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தாறு தடவை அப்படி. கடைசியில் முழுசாகப் பேசி முடித்தாள். இருபது நொடிக்கு மேலேயே போயிருக்கும்.

"நேத்து நான் சேதிய மாத்தி அனுப்பிட்டேன். தப்பு என்னுது. பூபதி அண்ணன் என்னாலதான் அடிபட்டாரு. இன்னைக்கும் அந்த அலை இருக்குது. யாரும் போகாதீங்க. என் பேச்ச நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா இன்னைக்குப் போகாதீங்க."

விடிந்ததும் நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. இருளாயி, "இவுக போகல தாயி" என்று உடனே அனுப்பியிருந்தாள். ஏழு மணிக்குள் முப்பத்தெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஏழேகாலுக்கு முப்பத்தொன்பதாவதாகப் பூபதியின் பெயர் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

அவரிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. பதினொரு மணிக்கு நான் மறுபடி எட்டிப் பார்த்தபோது, முனிலட்சுமி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல், பூபதியின் குரலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.